சாமியைத் தூக்கி வெயிலில் வைத்த ஊர்கள்: சீனாவின் மழைச் சடங்குகள் பற்றி ஓர் இழை

ஜூன் 8, ஒரு வாசகரின் கேள்வி

"சீனக் கிராமங்களில் மழை பொய்த்தால் கோயிலில் இருக்கும் மழைச் சாமியையே தூக்கிக்கொண்டு போய் நடுவெயிலில் வைத்துவிடுவார்கள் என்று படித்தேன். சில ஊர்களில் திட்டவும் செய்வார்களாம். இது பக்தியா, மிரட்டலா? எனக்கு வெறும் மூடத்தனமாகத்தான் தெரிகிறது. இதில் பேச என்ன இருக்கிறது?"

ஜூன் 8, இரவு

பேச நிறைய இருக்கிறது. முதலில் அந்த மண்ணைப் பார்க்க வேண்டும்.

இந்த வழக்கம் ஆழமாக இருந்தது வட சீனாவில். வடக்கு ஷென்சி, அதற்குக் கிழக்கே மஞ்சள் ஆற்றைத் தாண்டினால் ஷான்சி, இன்னும் கிழக்கே ஹெபெய். வடக்கு ஷென்சியின் யூலின் பக்கம் ஆண்டு முழுக்கப் பெய்வதே 400 மில்லிமீட்டரை ஒட்டித்தான். நம் ராமநாதபுரத்தில் அதைப்போல இரண்டு பங்கு பெய்கிறது. அந்தக் கொஞ்சத்திலும் பெரும்பகுதி ஜூலையிலிருந்து செப்டம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். விதைக்க வேண்டிய வசந்தத்தில் வானம் வெறிச்சோடிக் கிடக்கும். பத்து வருடத்தில் ஒன்பது வறட்சி என்பது அங்கே சாதாரணப் பேச்சு. மண்ணோ காற்று கொண்டுவந்து குவித்த மஞ்சள் புழுதி, பல இடங்களில் நூறு மீட்டருக்கு மேல் ஆழம். ஆறு பள்ளத்தின் அடியில் ஓடும், தினையும் சோளமும் விளையும் நிலம் மேட்டில் இருக்கும். பம்பு வருவதற்கு முன்னால் அந்தத் தண்ணீரை மேலே ஏற்ற வழியே இல்லை. வானத்தை விட்டால் வேறு போக்கிடம் இல்லாத ஊர்கள் இவை.

இதை மனதில் வைத்துக்கொண்டு சடங்குக்கு வருவோம். நாளை எழுதுகிறேன்.

ஜூன் 9

வேலை நிமித்தமாகச் சில காலம் சியான் நகரத்தில் இருந்தேன். கூட வேலை பார்த்த ஒருவரின் சொந்த ஊர் யூலின் பக்கம். புத்தாண்டு விடுமுறையில் அழைத்துப் போனார். மலைச்சரிவைக் குடைந்து கட்டிய குகை வீடு, சூடேற்றிய மண் திண்ணை, தினைக் கஞ்சி. ஊருக்கு மேலே ஒரு திட்டில் மழைச் சாமியான டிராகன் அரசர் கோயில். கோயில் என்றால் ஆளுயரம்கூட இல்லை. செங்கல்லில் ஒரு மாடம், உள்ளே வண்ணம் பூசிய சின்னச் சிலை. நண்பரின் பெரியப்பா சிறுவனாக இருந்தபோது அந்த ஊர்வலத்தில் போனவர். அவர் பேசிய வட்டார மொழி எனக்கு எட்டவில்லை; நண்பர்தான் இடையில் இருந்து சொன்னார்.

அவர் விவரித்தது இப்படி: ஆண்கள் மட்டும். தலையில் வில்லோ மரக் கொப்பை வளைத்துக் கட்டிய வளையம். காலில் செருப்பு கிடையாது. தொப்பி, குடை எதுவும் கூடாது. எதிரே வருகிறவர் வேற்றூர்க்காரராக இருந்தாலும் வைக்கோல் தொப்பியைக் கழற்றியாக வேண்டும்; கழற்றாவிட்டால் தட்டிவிடுவார்கள். அந்த நாட்களில் ஊரில் கறி வெட்ட மாட்டார்கள். நான்கு பேர் தூக்கும் சப்பரத்தில் டிராகன் அரசரை ஏற்றுவார்கள். சப்பரம் எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கம் நடை. தூக்குகிறவர்களுக்குத் தங்கள் கால் தங்கள் வசம் இல்லை என்று தோன்றுமாம். ஒருவர் முன்னே நின்று "அரசரே, மக்களைக் காப்பாற்றும்" என்று பாட, பின்னால் மொத்த ஊரும் அதை வாங்கிப் பாடும். எங்கோ ஓர் ஊற்றுக்கோ குளத்துக்கோ போய் மண்டியிட்டு ஒரு குடுவையில் தண்ணீர் எடுத்துக்கொண்டு திரும்புவார்கள். அந்தத் தண்ணீர் கோயிலில் இருக்கும். மழை வந்தால் அரசருக்கு நன்றியாக மேடை கட்டி நாடகம்.

வராவிட்டால்? அப்போதுதான் சிலையை வெளியில், வெயில் படும் இடத்தில் உட்கார வைப்பார்கள். நான் கேட்டேன், அது மரியாதைக் குறைவு இல்லையா என்று. பெரியவர் யோசிக்கவே இல்லை: "அவர் உள்ளே நிழலில் இருக்கிறார். வெளியே எப்படி இருக்கிறது என்று அவருக்குத் தெரிய வேண்டாமா?"

ஜூன் 9, சற்றுப் பின்

ஒன்றைச் சேர்க்க மறந்தேன். பெரியவர் என்னிடம் திருப்பிக் கேட்டார்: "உங்கள் ஊரில் யாரைக் கேட்பீர்கள், தம்பி?" சிவகங்கைப் பக்கம் சிறு வயதில் கொடும்பாவி இழுத்ததைச் சொன்னேன். வைக்கோலில் உருவம் கட்டித் தெருத்தெருவாக இழுத்து, ஒப்பாரி வைத்து, கடைசியில் எரிப்பதை. அவருக்கு அது பிடித்திருந்தது, ஆனால் வேறு என்றார். வேறுதான். கொடும்பாவி ஊரின் பாவத்தைச் சுமந்து எரிகிறது. டிராகன் அரசர் மேல் பாவம் எதுவும் இல்லை. அவர் பொறுப்பில் இருக்கிறவர். பொறுப்பில் இருப்பவர் வந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

ஜூன் 11

"பொறுப்பில் இருப்பவர்" என்றால் என்ன என்று கேட்டிருக்கிறார்கள்.

சீன நாட்டார் வழக்கில் வானுலகம் ஓர் அரசாங்கம் மாதிரி. மேலே ஜேட் பேரரசர், அவருக்குக் கீழே துறைகள், ஊர்களுக்கு ஊர்ச் சாமிகள். டிராகன் அரசர் கையில் மழை இலாகா. அவருக்குப் பட்டம் உண்டு, பதவி உயர்வு உண்டு, பதவி இறக்கமும் உண்டு. நிஜப் பேரரசர்களே சாமிகளுக்குப் பட்டயம் எழுதிக் கொடுத்தார்கள்.

கவிஞர் சு ஷி 1062-இல் ஷென்சியில் ஃபெங்சியாங் என்ற ஊரில் இளம் அதிகாரி. வறட்சி. அங்கே உயர்ந்து நிற்கும் தைபாய் மலைச் சாமிக்கு முந்தைய அரச வம்சம் ஒரு பட்டம் கொடுத்திருந்தது. அப்போது ஆண்ட சோங் அரசு அதைவிடக் கீழான பட்டத்தைக் கொடுத்துவிட்டது. சாமிக்கு மனவருத்தம், அதனால்தான் கேட்டால் செவிசாய்ப்பதில்லை என்று சு ஷி விண்ணப்பம் எழுதி, பழைய உயரத்துக்கே பட்டத்தை மீட்டுக் கொடுக்க வைத்தார். மலைக் குளத்திலிருந்து தண்ணீர் எடுத்து வந்தார்கள். மழையும் வந்தது. தான் கட்டிய மண்டபத்துக்கு 'மழை மகிழ்ச்சி' என்ற பொருளில் பெயர் வைத்தார்.

அதற்கு இரண்டு நூற்றாண்டுக்கு முன்னால் இன்னொரு கவிஞர் பாய் ஜூயி, ஹாங்சோவில் ஆளுநர். கறுப்பு டிராகனுக்கு அவர் எழுதிய வேண்டுகோளில் கெடு வைத்தார். மூன்று நாளுக்குள் நல்ல மழை பெய்தால் அது உன் அருள், எங்கள் பாக்கியம். வேறொரு சாமிக்கு எழுதியதில் இன்னும் காரம்: கேளாமல் இருந்தால் துன்பம் மக்களுக்கு மட்டும் இல்லை, வெட்கம் உனக்கும்தான். படித்த அதிகாரியே இந்தக் குரலில் எழுதும்போது கிராமத்து விவசாயி சிலையை வெயிலில் வைத்ததில் எனக்கு வியப்பில்லை. இரண்டும் ஒரே முறையீடு. மிரட்டல் என்ற சொல் இதற்குப் பொருந்துவதாக எனக்குத் தோன்றவில்லை.

ஜூன் 12

ஆனால் வெயிலில் முதலில் நின்றது சாமி இல்லை. அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்லக்கூடாது.

மிகப் பழைய காலத்தில் வெயிலில் நிறுத்தப்பட்டவர்கள், எரிக்கப்பட்டவர்களும்கூட, மனிதர்கள். மூவாயிரம் வருடத்துக்கு முந்தைய ஷாங் அரச காலத்தில் குறி கேட்க எலும்பில் பொறித்த எழுத்துகளிலேயே மழைக்காக ஆளை எரித்த குறிப்புகள் உண்டு. இரண்டு வகையானவர்கள் சிக்கினார்கள்: சாமியாடும் பெண்கள், உடல் ஊனத்தால் முகம் மேல்நோக்கி இருந்தவர்கள். இரண்டாவது வகைக்கு உரையாசிரியர்கள் ஒரு காரணம் சொல்கிறார்கள், படித்தால் நெஞ்சு அடைக்கும். இவர்கள் மூக்கில் மழை விழுந்துவிடுமே என்று வானம் இரக்கப்பட்டுத்தான் பெய்யாமல் இருக்கிறது என்று மக்கள் நம்பினார்களாம். வானத்தின் இரக்கத்துக்கு ஆளானவன் என்ற காரணத்துக்காகவே அவனைக் கொல்வது.

கி.மு. 639. அன்றைய சீனாவின் அரசுகளில் ஒன்றான லூ நாட்டில் கடும் கோடை வறட்சி. அரசர் சாமியாடியையும் ஊனமுற்றவரையும் எரிக்க நினைத்தார். அமைச்சர் சாங் வென்சோங் தடுத்தார். அவர் சொன்னதன் சாரம்: இது வறட்சிக்குத் தயாராகும் வழி அல்ல. கோட்டைச் சுவரைச் சரிசெய்யுங்கள், அரண்மனைச் சாப்பாட்டைக் குறையுங்கள், செலவைச் சுருக்குங்கள், விவசாயத்தைக் கவனியுங்கள், இருப்பவர் இல்லாதவருக்குக் கொடுக்கச் செய்யுங்கள். இவர்களைக் கொல்ல வானம் விரும்பியிருந்தால் பிறக்கவே விட்டிருக்காது. வறட்சியை உண்டாக்கும் சக்தி இவர்களுக்கு உண்மையிலேயே இருந்தால், எரித்தால் இன்னும் மோசமாகும்.

அரசர் கேட்டுக்கொண்டார். அந்த வருடம் பஞ்சம் வந்தது, ஆனால் பெரிய சேதம் இல்லை என்று குறிப்பு முடிகிறது. மழை வந்ததாகக்கூட எழுதவில்லை. எனக்கு இந்த இழையிலேயே மிக நெருக்கமான மனிதர் இந்த சாங் வென்சோங்தான். 2,600 வருடத்துக்கு முன்னால், ஒரு வறட்சியில் அரசு என்ன செய்ய வேண்டுமோ அதை வரிசையாகச் சொல்லியிருக்கிறார்.

ஜூன் 12, இரவு

அப்புறம் ஒரு சின்னத் தொடர்ச்சி. அதே லூ நாட்டில் பின்னால் வந்த இன்னோர் அரசரும் இதே கேள்வியைக் கேட்டார். ஊனமுற்றவரை வெயிலில் நிறுத்தலாமா? கொடுமை என்றார் ஆலோசகர். சாமியாடியை? அறியாத பெண்ணிடம் மழையை எதிர்பார்ப்பதா என்றார். சரி, சந்தையை இடம் மாற்றலாமா? அது சரி, செய்யலாம் என்றார். அரசர் இறந்தால் துக்கத்துக்குச் சந்தையை இடம் மாற்றுவது வழக்கம். வறட்சியையும் அப்படி ஒரு நாட்டுத் துக்கமாகக் கொண்டாடச் சொல்கிறார். கொண்டாட என்றா எழுதினேன், அனுசரிக்க.

ஜூன் 14

"அப்படியானால் மனிதருக்குப் பதில் எப்போது பொம்மை வந்தது?" நல்ல கேள்வி.

களிமண் டிராகன் செய்வது மிகப் பழைய வழக்கம். அதற்குச் சட்டதிட்டம் வகுத்ததில் பெரிய பெயர் டோங் சோங்ஷு, ஹான் காலத்து அறிஞர், கி.மு. இரண்டாம் நூற்றாண்டு. வசந்தத்தில் கேட்பதானால் பச்சை டிராகன்: நடுவில் பெரியது ஒன்று, கூடவே சின்னது ஏழு, கிழக்கு நோக்கி, பச்சை உடை உடுத்து, மூன்று நாள் விரதமிருந்த எட்டுச் சிறுவர்கள் ஆட வேண்டும். கோடையில் சிவப்பு, திசை தெற்கு, ஆடுவது திடகாத்திரமான ஆண்கள். இலையுதிர் காலத்தில் வெள்ளை, மனைவியை இழந்த ஆண்கள். குளிர்காலத்தில் கறுப்பு, முதியவர்கள். ஐந்து தவளைகளையும் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறார். நகரத்தின் தெற்கு வாசலை மூடு, வடக்கைத் திற. ஆண்கள் ஒதுங்கட்டும், பெண்கள் வெளியே வரட்டும். வெயில் ஆண், மழை பெண் என்ற கணக்கு. மழை அளவுக்கு மீறினால் எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்ய வேண்டும்.

மழையை நிறுத்துவதற்கு வடக்கில் பின்னாளில் வந்த வழக்கம் இதைவிட அழகு. துடைப்பம் பிடித்த பெண்ணைக் காகிதத்தில் வெட்டி இறவாணத்தில் தொங்கவிடுவார்கள். அவள் மேகத்தைக் கூட்டித் தள்ளிவிடுவாள்.

பல்லி வேண்டுதலும் உண்டு. சோங் காலத்தில் 1077-இல் அரசே இதை ஊர்களுக்கு அனுப்பியது. தண்ணீர் நிரப்பிய சாடியில் இலைதழை, அதில் பல்லிகள். பச்சை உடை போட்ட சிறுவர்கள் வில்லோக் கிளையால் தண்ணீர் தெளித்துக்கொண்டு சுற்றி வந்து பாட வேண்டும்: பல்லியே பல்லியே, மேகத்தைக் கிளப்பு, மூடுபனியை உமிழ், மழை கொட்டினால் உன்னை வீட்டுக்கு விட்டுவிடுகிறோம். பல்லி டிராகனுக்குச் சொந்தக்காரன் என்பது எண்ணம். கிழக்கு நோக்கி ஆடும் எட்டுச் சிறுவர்களையும் இந்தப் பல்லிப் பாட்டையும் சேர்த்து நினைத்துப் பார்க்கிறேன். வறட்சியில் முதலில் வாடுவது பிள்ளைகள்; அவர்கள் குரலை முன்னால் நிறுத்தினார்கள்.

ஜூன் 15

டிராகன் அரசர் என்ற பட்டம் இந்தியாவிலிருந்து போனது என்று ஒருவர் எழுதியிருக்கிறார், இன்னொருவர் கோபமாக மறுத்திருக்கிறார். இரண்டு பேருக்கும் சேர்த்து: மழையோடு தொடர்புள்ள டிராகன் சீனாவின் சொந்தச் சொத்து. டிராகனுக்கு அரசர் என்ற வடிவம், கடலில் மாளிகை, சூத்திரம் ஓதினால் மழை தருவது, இதெல்லாம் பௌத்தத்தின் நாகராஜாக்களோடு வந்து சேர்ந்தது.

இந்த இடத்தில் காஞ்சிபுரம் வருகிறது. வஜ்ரபோதி என்ற பௌத்தத் துறவி. தென்னிந்தியாவின் மலய நாட்டவர் என்று ஒரு சீன வரலாறு சொல்கிறது. தென்னாட்டில் மூன்று வருடம் மழை இல்லாமல் செடிகொடி கருகியபோது அரசர் இவரை அழைத்து அரண்மனையில் மழை வேண்டச் செய்தார் என்று சீனக் குறிப்பில் உள்ளது. அந்த அரசர் பல்லவன் இரண்டாம் நரசிம்மவர்மன், நம் கைலாசநாதர் கோயிலைக் கட்டிய ராஜசிம்மன். அவருடைய பெயரையே சீன எழுத்தில் ஒலிபெயர்த்து வைத்திருக்கிறார்கள். 

719-இல் வஜ்ரபோதி கப்பலில் குவாங்சோ போய்ச் சேர்ந்தார். சீனாவிலும் அதே வேலை காத்திருந்தது. முதல் மாதத்திலிருந்து ஐந்தாம் மாதம் வரை மழையே இல்லை, மலைக் கோயில் ஆற்றுக் கோயில் எதுவும் பலிக்கவில்லை. பேரரசர் சுவான்சோங் இவரைக் கேட்டார். இவர் ஒரு போதிசத்துவர் படத்தைத் தானே வரைந்தார், கண்ணை மட்டும் விட்டுவைத்தார். கண் திறக்கும் நாளில் மழை என்று சொல்லிவிட்டார். பேரரசர் வானியல் அறிஞரான துறவி யீ சிங்கை அனுப்பிப் பக்கத்திலிருந்து பார்க்கச் சொன்னார். ஏழாம் நாள், கொளுத்தும் வெயில், ஒரு மேகம் இல்லை. பிற்பகலில் கண் வரைந்தார். வடமேற்கிலிருந்து காற்று எழுந்து ஓடு பறந்து மரம் சாய்ந்து மழை கொட்டியதாம். துறவி பிடித்து வைத்த டிராகன் கூரையைப் பிய்த்துக்கொண்டு பறந்தது என்று மறுநாள் ஊர் பேசியது.

மழை பெய்ததைப் பற்றி நான் வாதிட வரவில்லை. காஞ்சியிலும் சீனத் தலைநகரிலும் ஒரே மனிதரிடம் இரண்டு அரசர்கள் ஒரே கவலையோடு வந்து நின்றார்கள் என்பதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

ஜூன் 17

முதல் கேள்வியைக் கேட்டவர் விடவில்லை: "எல்லாம் சரி, சடங்கு பலித்ததா?"

இதற்குச் சீனாவிலேயே 2,200 வருடம் பழைய பதில் உண்டு. தத்துவ அறிஞர் சுன்சி: மழை வேண்டிச் சடங்கு செய்தால் மழை வருகிறதே ஏன்? ஏனும் இல்லை, செய்யாவிட்டாலும் வருவது போலத்தான். ஆனால் அவர் சடங்கை நிறுத்தச் சொல்லவில்லை. அறிவுடையவர் அதைப் பண்பாடாகப் பார்க்கிறார், மக்கள் தெய்வச் செயலாகப் பார்க்கிறார்கள் என்று சொன்னார்.

வானிலையும் சடங்குக்குத் துணை. வட சீனாவுக்குக் கோடைப் பருவமழை பொதுவாக ஜூலையில்தான் ஏறி வரும். ஊர் பொறுமை இழந்து சப்பரத்தைத் தூக்குவது அதற்குக் கொஞ்சம் முன்னால். ஒரு குளம் பலிக்கவில்லை என்றால் அடுத்த குளம். ஒரு சாமி கேட்கவில்லை என்றால் இன்னொரு சாமி. மழை வரும்வரை நிறுத்தாத சடங்கு எப்போதும் மழையில்தான் முடியும்.

பக்கத்து ஊர் டிராகன் அரசர் சக்தி உள்ளவர் என்று பெயர் இருந்தால் அவரை ராத்திரியில் திருடிக்கொண்டு வருவதும் உண்டு. திருட்டுக் கொடுத்த ஊருக்குக் கோபம் கிடையாது, பெருமை. மழை பெய்த பிறகு மேளதாளத்தோடு, புது உடை போர்த்தித் திருப்பிக் கொண்டுபோய் விடுவார்கள். அதோடு இரண்டு ஊருக்கும் உறவு.

ஜூன் 17, பின்னிரவு

யோசித்துக்கொண்டே படுத்தேன், தூக்கம் வரவில்லை. 'பலித்ததா' என்ற கேள்விக்கு மேகத்தை மட்டும் பார்த்தால் போதாது. அதிகாரிகளைப் பாருங்கள். மழை வேண்டிக் கூட்டம் கிளம்பினால் மாவட்ட அதிகாரி வந்து மண்டியிட்டாக வேண்டும். ஹான் காலத்தில் ஹெனானின் சிஹுவா ஊர் அதிகாரி தாய் ஃபெங், வேண்டியும் மழை வராததால் விறகை அடுக்கி அதன்மேல் உட்கார்ந்து தீ வைக்கச் சொன்னார் என்றும், தீ எழுந்ததும் மழை கொட்டியது என்றும் வரலாற்றில் எழுதி வைத்தார்கள். 1585-இல் மிங் பேரரசர் வான்லி பல்லக்கை மறுத்து அரண்மனையிலிருந்து பெய்ஜிங்கின் சொர்க்கக் கோயில் வரை நடந்து போனார், நடந்தே திரும்பினார். சிங் பேரரசர்கள் 17-ஆம் நூற்றாண்டுக் கடைசியிலிருந்து ஒவ்வொரு மாகாணத்திலும் மழை மண்ணுக்குள் எத்தனை விரல்கடை இறங்கியது என்று தோண்டிப் பார்த்து எழுதி அனுப்பச் சொன்னார்கள். 1911 வரை அது நடந்தது. இன்று பழைய பருவமழையைக் கணக்கிடும் வானிலை ஆய்வாளர்களுக்கு அந்தக் கடிதங்கள் பெரிய சொத்து.

வறட்சிக்கு மேலே இருப்பவன் பதில் சொல்ல வேண்டும் என்ற எண்ணத்தை இந்தச் சடங்கு உயிரோடு வைத்திருந்தது. முதலில் ஊனமுற்றவன் வெயிலில் நின்றான். கடைசியில் அதிகாரியும் பேரரசரும் சாமியும் நிற்க வேண்டி வந்தது. இதைத்தான் நான் இந்த இழையில் முதலிலிருந்து சொல்ல வருகிறேன்.

ஜூன் 19

மேலே எழுதியது அழகாக முடிந்துவிட்டது போல இருக்கிறது. அது எனக்கே உறுத்துகிறது, ஏனென்றால் எளியவர் மேல் பழி விழுவது நிற்கவே இல்லை.

ஷான்டோங், ஹெனான், ஹெபெய் பக்கம் வறட்சிப் பேய் என்று ஒன்றை நம்பினார்கள். புதிதாகப் புதைத்த பிணம் அழுகாமல் பேயாக மாறி மேகத்தைத் தின்னும். அதனால் புதைகுழியைத் தோண்டிப் பிணத்தை அடித்து நொறுக்குவார்கள், எரிப்பார்கள். அரசு தடை போட்டும் ஓயவில்லை. பிள்ளையையோ தாயையோ பறிகொடுத்த வீட்டுக்கு இது எப்படி இருந்திருக்கும்! வெண்புள்ளி உள்ளவரைப் புதைத்தால் மழை வராது என்று பிணத்தைத் தோண்டி எரித்த செய்திகளை நம் பக்கத்திலும் படித்திருக்கிறோம்.

பிறகு 1900. வட சீனாவில் முந்தைய வருடத்திலிருந்தே வறட்சி. மழைச் சடங்குக்கும் கோயில் நாடகத்துக்கும் வீட்டுக்கு இவ்வளவு என்று வரி போடுவது ஊர் வழக்கம். கிறிஸ்தவர்கள் கொடுக்க மாட்டோம் என்றார்கள். 1862-இல் அரசே அவர்களுக்கு விலக்குக் கொடுத்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரன் வரி கொடுக்காமல், வில்லோ வளையம் போடாமல் வீட்டில் இருக்கிறான், மழையும் வரவில்லை. வெளிநாட்டவரையும் கிறிஸ்தவர்களையும் எதிர்த்துக் கிளம்பிய பாக்ஸர் கூட்டத்தின் சுவரொட்டி சொன்னது: மழை பெய்யவில்லை, நிலம் காய்கிறது, வானத்தைத் தேவாலயங்கள் அடைத்துவிட்டன. அந்தக் கோடையில் கொல்லப்பட்ட சீனக் கிறிஸ்தவர்கள் ஆயிரக்கணக்கில். வறட்சி மட்டும் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வேலையில்லாமல், விதைக்க முடியாமல் நின்ற இளைஞர்கள் அந்தக் கூட்டத்தில் திரண்டதற்கு வறட்சி ஒரு காரணம்.

ஊர் முழுக்கச் சேர வேண்டும் என்பதில் உள்ள பலமும் ஆபத்தும் ஒன்றுதான். சேராதவன் மேல் கை நீள்வதற்கு அதிக நேரம் ஆகாது.

ஜூன் 20

பெண்கள் இந்தக் கதையில் எங்கே என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

ஊர்வலத்தில் அவர்களுக்கு இடமில்லை என்று எழுதினேன். ஆனால் ஹெபெய் பக்கம் பெண்களுக்கென்றே ஒரு சடங்கு: பன்னிரண்டு விதவைகள் வறண்ட குளத்துக்குள் இறங்கித் துடைப்பத்தால் கூட்டுவார்கள். சில ஊரில் டிராகன் அரசரைக் குளிப்பாட்டுவதும் அவர்களே. நல்ல காரியத்துக்கு முன்னால் வரக்கூடாது என்று ஊர் ஒதுக்கிய பெண்களை வேறு எதுவும் பலிக்காத நேரத்தில் ஊர் கெஞ்சி அழைக்கிறது. இதை மரியாதை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் குளத்தடியில் அந்தப் பெண்கள் தங்களுக்குள் என்ன பேசிக்கொண்டிருப்பார்கள் என்று அறிய ஆசை.

ஜூன் 22

தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றிப் பாட்டிமார் சொல்லிக் கேட்ட குடும்பங்கள் இங்கே இருக்கும். 1876-78, சென்னை மாகாணம். அதே வருடங்களில் ஷான்சியில் அதே சாவு. 1877-இன் வலுவான எல் நினோ, அதாவது பசிபிக் கடல் வழக்கத்துக்கு மீறிச் சூடாவது, இரண்டு பருவமழையையும் சேர்த்து முடக்கியது. வட சீனாவில் 1876 முதல் 1879 வரை இறந்தவர்கள் 90 லட்சத்திலிருந்து 1.3 கோடி வரை என்று மதிப்பிடுகிறார்கள். டிராகன் அரசர் கோயில் இல்லாத ஊர் அங்கே அரிது. அத்தனை சப்பரமும் வெளியே வந்திருக்கும்.

வானம் பொய்த்தது பாதிதான். மலைகளுக்கு நடுவே இருந்த ஷான்சிக்குத் தானியம் கொண்டுபோக நல்ல பாதை இல்லை, சிங் அரசின் களஞ்சியங்கள் காலி, கஜானாவும் அப்படியே. சென்னையில் ரயில் இருந்தது, தானியம் துறைமுகம் வழியே வெளியேறிக்கொண்டிருந்தது. சாங் வென்சோங் கி.மு. 639-இல் சொன்னதை இரண்டு அரசும் செய்யவில்லை.

ஜூன் 23

"இப்போதும் செய்கிறார்களா?"

1949-இல் கம்யூனிஸ்டுகள் ஆட்சிக்கு வந்த பிறகு டிராகன் அரசருக்குப் பதவி போனது. 1958-இல், உற்பத்தியை ஒரேயடியாக உயர்த்த மாவோ தொடங்கிய பெரும் பாய்ச்சல் காலத்தில், டிராகன் அரசர் இல்லை, நான்தான் டிராகன் அரசர் என்று விவசாயி முழங்குவதாக ஒரு பாட்டு நாடெங்கும் பரவியது. அதே வருடம் ஜிலின் மாகாணத்தில் விமானத்திலிருந்து மேகத்தில் மருந்து தூவி மழை வரவழைக்கும் முயற்சி முதன்முதலில் நடந்தது. பின்னால் பழைய 37 மில்லிமீட்டர் விமான எதிர்ப்புப் பீரங்கிகளைக் கொண்டு மேகத்துக்குள் சில்வர் அயோடைடு சுடுவது பல மாகாணங்களில் வாடிக்கையானது. 

ஹெனானின் லின்சியன் மாவட்டத்தில் 1960-இல் வேறு வழி எடுத்தார்கள். தாய்ஹாங் மலைப் பாறையைக் கையால் உடைத்து, பக்கத்து ஷான்சியின் ஜாங் ஆற்றிலிருந்து செங்கொடிக் கால்வாய் வெட்டினார்கள். கிளைகளோடு சேர்த்து சுமார் 1,500 கிலோமீட்டர், 1969 வரை வேலை. தொடங்கியது கொடும் பஞ்ச வருடங்களில். அதில் இறந்தவர்களும் உண்டு.

கலாச்சாரப் புரட்சியில் இடித்த கோயில்கள் 1980-களில் எழுந்தன. ஹெபெயின் ஃபான்சுவாங் ஊரில் டிராகன் பலகை ஒன்றைச் சாமியாக வணங்குகிறார்கள். அதற்கு ஊர் எழுப்பிய கட்டடம் ஒரே நேரத்தில் கோயிலும் அருங்காட்சியகமும். இரண்டு பெயரும் அதற்கு உண்டு, இரண்டாவது பெயரில் அரசு அனுமதி.

ஜூன் 25

ஷென்சி போகிறேன், எங்கே பார்க்கலாம் என்று கேட்டவருக்கு: யூலின் பக்கம் ஜென்சுவான் ஊருக்கு அருகே லோங்வாங்கோ பள்ளத்தாக்கு. கறுப்பு டிராகன் மகாராஜா கோயில். இடித்த இடத்தில் ஊர்க்காரர்கள் 1980-களில் திருப்பிக் கட்டியது. திருவிழா சந்திரக் கணக்கில் ஆறாம் மாதம் 13-ஆம் நாளை ஒட்டி, நம் கணக்குக்குப் பெரும்பாலும் ஜூலையில் வரும். நாடகம் நடக்கும், கூட்டம் தாங்காது. மழைக்கு மட்டும் இல்லாமல் வியாபாரம், நோய், பிள்ளை என்று எல்லாவற்றுக்கும் அங்கே குறிச்சீட்டு எடுக்கிறார்கள்.

சீட்டு எடுத்துவிட்டு அப்படியே திரும்பாதீர்கள். பக்கத்துக் குன்றுகளில் ஏறுங்கள். கோயில் காணிக்கைப் பணத்தில் 1988-இல் தொடங்கி அந்த மொட்டைச் சரிவுகளில் மரம் வளர்த்திருக்கிறார்கள். பள்ளிக்கூடம் கட்டவும் அதே காணிக்கைதான் உதவியது. வில்லோவும் இருக்கும். கொப்பை ஒடிக்காமல் வாருங்கள்.